உள்ளே எத்தனை பேர்

கெல்பெக்,
ஆகஸ்ட் 11, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஹெஸ்டர் எழுதுகிறேன். நானும் லினெட்டும் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? கடையில் நாள் முழுக்க நிற்காதே என்று நான் சொல்லி நீ கேட்கவா போகிறாய்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து விழித்திருப்பாய். லினெட்டின் இருமலுக்கு மலைக்காற்றுதான் மருந்து என்று டாக்டர் சொன்னாரில்லையா. அவள் அப்பா ரால்ஃப் கப்பலிலிருந்து திரும்ப நவம்பர் ஆகும். செய்தித்தாளில் ஒரு சின்ன விளம்பரம்: 'மலையடிவாரத்தில் அறை, குழந்தைகளுக்குத் தடையில்லை.' இந்தக் காலத்தில் அப்படி யார் போடுகிறார்கள்? உன்னைக் கேட்டால் வேண்டாமென்பாய், அதனால் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். மூன்று மாதத்துக்கு எடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சந்தை. சதுக்கம் முழுக்க ஆடும் சீஸும் பீங்கான் தட்டுமாக ஒரே இரைச்சல். மற்ற ஆறு நாளும் ஊர் தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் தெரு ஒரு கல்சுவரில் போய் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மலைதான், வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரி அல்டர்சன் அம்மாள் கணவனை இழந்தவள், அறுபது வயதிருக்கும். லினெட்டைப் பார்த்ததும், "இதென்ன, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு, இத வச்சு ஒரு வேள சூப்பு கூட வைக்க முடியாதே" என்றாள். அன்றிலிருந்து பாலும் ஆட்டுக்கறியும் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இருமல் பாதி குறைந்துவிட்டது.

இங்கே ஒரு வழக்கம். மாலை ஐந்தரைக்கு ஹார்க்கர் என்ற பெரியவர் சிலேட்டோடு வீடு வீடாக வருகிறார். "உள்ளே எத்தனை?" அவ்வளவுதான் கேள்வி. வீட்டுக்குள் எத்தனை குழந்தைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். கடைசி வாசல் எங்களுடையது. எங்கள் படியில் நின்று உதட்டை அசைத்துக் கூட்டி, மொத்தத்தை உரக்கச் சொல்லிவிட்டுப் போவார். ஆறு மணிக்குத் தேவாலயக் கோபுரத்தில் அத்தனை அடி. மலையில் மூடுபனி இறங்கினால் இரண்டடி தள்ளி நிற்கிற பிள்ளை தெரியாதாம், அந்தக் காலத்தில் ஏற்பட்டது. முப்பத்தாறாக இருந்த ஊர் எங்களால் முப்பத்தேழாயிற்று. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பதில் போடு.
உன் தங்கை, ஹெஸ்டர்


கெல்பெக்,
ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? மூன்றாம் நாள் பதில் போடுகிறவள் நீ. பன்னிரண்டு நாளாயிற்று. முழங்கால் மோசமாகிப் படுத்துவிட்டாயோ என்று கவலையாக இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. லினெட்டுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

ஒரு விஷயம், சிரிக்காதே. நான் எதையும் எண்ணுகிறவள் என்று உனக்குத் தெரியும். இரவில் லினெட் எத்தனை முறை இருமினாள், மாடிப்படி எத்தனை, எல்லாம். அந்த மணியையும் எண்ணினேன். ஹார்க்கர் எங்கள் படியில் நின்று முப்பத்தேழு என்றார். முப்பத்தெட்டு அடித்தது. மறுநாளும் அப்படியே. ஒன்பது நாள், பட்டாணியை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். முப்பத்தேழு அடியும் ஒரே சீராக விழுகிறது. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று, மெதுவாக.

அல்டர்சன் அம்மாளிடம் கேட்டேன். "மணின்னா எதிரொலி இருக்கும்மா" என்றாள். எதிரொலி என்றால் எல்லா அடிக்கும் இருக்க வேண்டாமா என்றேன். "காலேஜுல படிச்சா இப்படியெல்லாம் கேக்கத் தோணும் போல" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் ஊருக்கே அது தெரியும், அக்கா. கசாப்புக்காரர் கடைக்கதவைப் பாதி சாத்தி, கையை எடுக்காமல் நிற்கிறார். தெருவில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த ஒன்று விழுந்த பிறகுதான் கதவு சாத்தும், பேச்சு தொடரும்.

உடனே எழுது.
ஹெஸ்டர்


ஹல்,
ஆகஸ்ட் 31

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. நான் நலம். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, கடையில் வேலை.

குழந்தையை அழைத்துப் போக உனக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா? விட்பியில் உன் மாமியார் வீடு இருக்கிறது, கடற்காற்றும் நுரையீரலுக்கு நல்லதுதான். வாடகை போனால் போகட்டும், நான் தருகிறேன். அதுவரை லினெட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் விடாதே. கையைப் பிடித்தே நட. மணியை எண்ணாதே.

போர்வை போதுமா?
மேவிஸ்


கெல்பெக்,
செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். இப்படி வெடுக்கென்று நீ எழுதியதே இல்லை. சின்ன வயதில் ராத்திரி மூன்று முறை எழுந்து என் போர்வையை விலக்கி நான் இருக்கிறேனா என்று பார்ப்பாய். அத்தைகூட, "அவ என்ன சில்லறையா, தொலஞ்சு போக" என்று கேலி செய்வாள். அந்த அக்காதான் இப்படி எழுதுகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இங்கே சுவர் இருப்பதை நான் எழுதியிருந்தேன். அதனால் தெரிந்திருக்கும். இல்லையா?

முந்தாநாள் அல்டர்சன் அம்மாள் துணி மடித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முன்னால் என் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டாள். ஸ்டெயின்ஃபோர்த் என்றேன். கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தாள். ஹல்லா என்று கேட்டாள். ஆமாம், குண்டுவீச்சில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள், அத்தைதான் என்னை வளர்த்தாள் என்றேன். அதை எடுத்து மறுபடி மடித்தபடி, "பெரியவ இருக்காளா?" என்றாள். எனக்கு அக்கா உண்டென்று நான் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து அவள் லினெட்டைக் கேலி செய்வதில்லை.

நீ இந்த ஊருக்கு வந்திருக்கிறாயா, அக்கா?

ஹெஸ்டர்


ஹல்,
செப்டம்பர் 25

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நான் நலம். லினெட்டுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் நுனியில் பஞ்சு வை.

யுத்தத்தின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ரயிலேற்றி எங்கெங்கோ அனுப்பினார்கள். கழுத்தில் பெயர் அட்டை, கையில் பெட்டி. எந்த ஊரென்று எனக்கு நினைவில்லை. ஹல்காரர்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒரு ஊர் இருக்கும். அந்த அம்மாள் யாரையோ நினைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். என் விலாசத்தை அவளிடம் கொடுக்க வேண்டாம்.

கிளம்பும் தேதியை எழுது.
மேவிஸ்


கெல்பெக்,
அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை சரியாக இருந்தது. லினெட் அதைக் கழற்றமாட்டேன் என்று அதோடேயே தூங்குகிறாள். இருமல் அறவே இல்லை. அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். மாதக் கடைசியில் கிளம்பிவிடுவேன்.

ஹார்க்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுபத்தொரு வயது. சந்தை நாளில் மதுவிடுதிக்குப் போனால் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். முட்டை விற்கிறவன் வேண்டுமென்றே, "பத்து முட்ட, பெரியவரே. பதினொண்ணுன்னு எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அல்டர்சன் அம்மாளைக் குடைந்து கேட்டேன். நாற்பதாம் வருஷம், ஹல்லிலிருந்து வந்த ஒரு பெண்குழந்தை மலையில் விடுபட்டுப்போனதாம். வீட்டிலிருந்து 'ஒன்று' என்று சொன்னதை இவர் 'இரண்டு' என்று எழுதிவிட்டாராம். கணக்கு நிறைந்துவிட்டது என்று மணியை அடித்து முடித்துவிட்டார். குழந்தை பனியில் செத்துப்போனது. தேவாலயத்தில் அவருக்கிருந்த மற்ற வேலைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மணியை மட்டும் விட்டார்கள், வேறு யாரும் அந்தக் கயிற்றைத் தொட முன்வரவில்லை.

எந்த வீடு, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். "என்கிட்டக் கேக்காதம்மா. சொல்ல வேண்டியவங்க வேற" என்றாள்.

இருபத்து நாலு வருஷம், அக்கா, ஒரு சிலேட்டில் ஒரு கோடு தப்பியதற்காக. நேற்று அவர் வந்தபோது லினெட் ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அதைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹெஸ்டர்


கெல்பெக்,
அக்டோபர் 12

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைத் தெரிந்துகொள்.

நேற்று மத்தியானத்திலிருந்தே மூடுபனி. லினெட் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஹார்க்கர் வந்து கேட்டபோது, இஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே "ஒண்ணு, உள்ளதான்" என்று சொல்லிவிட்டேன். ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. எதையும் எண்ணுகிற நான், அக்கா. ஒரு குழந்தையை எண்ண மறந்துவிட்டேன்.

மணி தொடங்கியது. ஜன்னலைச் சாத்த மேலே போனேன். படுக்கை காலி. பின்வாசல் திறந்து கிடந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. சுவரருகே போய் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன், பனி என் சத்தத்தை வாயருகிலேயே தின்றுவிட்டது. மணி மட்டும் தெளிவாகக் கேட்டது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு. அப்போது சுவரிலிருக்கிற சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு லினெட் ஓடி வந்தாள், தனியாக. அவள் என் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த இன்னொன்று விழுந்தது.

அவள் வலது கை சூடாக இருந்தது. இடது கை கிணற்றுத் தண்ணீரில் ஊறினதுபோல் இருந்தது. இன்று காலைவரை அந்தக் கை சூடேறவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த அக்கா கையப் பிடிச்சிக்கிட்டா. உன்ன எண்ணிட்டாங்க, இனி யாரும் தேடி வரமாட்டாங்க, நீயே ஓடிடுன்னா. கடசி மணி அவளுதாம். அதுக்குள்ள ஓடிடுன்னா."

எந்த அக்கா என்று கேட்டேன். காலில் ஈரக் காலுறை போட்ட அக்காவாம்.

உனக்கு ஏதாவது தெரியுமென்றால் இப்போது சொல். என் குழந்தை விஷயம் இது.

ஹெஸ்டர்


ஹல்,
அக்டோபர் 14

என் ஹெஸ்டருக்கு,

லினெட்டின் கையைத் தேய்த்துவிடு. வெந்நீர் வேண்டாம், உன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள். அது போதும்.

உனக்கும் எனக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள். பெயர் பெக்கி. நாற்பதாம் வருஷம் எனக்குப் பதிமூன்று, அவளுக்கு ஏழு. உனக்கு இரண்டு வயது, நீ அம்மாவோடு இங்கே இருந்தாய். எங்கள் இருவரையும் கெல்பெக்குக்கு அனுப்பினார்கள். நீ இருக்கிற அதே வீடு. நீ தூங்குகிற அறையாகவும் இருக்கும்.

அடுத்த வருஷம் அப்பா அம்மாவோடு வீடும் போட்டோவும் எல்லாம் எரிந்துபோயின. அத்தையிடம், ஹெஸ்டருக்குச் சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பெயரைச் சொன்னால் கதையைச் சொல்ல வேண்டிவரும்.

அன்று அக்டோபர் மாதம், விறகுக்குச் சுள்ளி பொறுக்கப் போயிருந்தோம். பெக்கி ஓடையில் காலை விட்டுக்கொண்டாள். காலுறை நனைந்துவிட்டது என்று அழுதாள், அம்மா வேண்டுமென்று அழுதாள். தினமும் அதே அழுகை. எனக்கு அலுத்துவிட்டது. "அம்மா வேணும்னா நடந்தே போ" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பின்னாலேயே வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அல்டர்சன் அம்மாள் பால் கறக்கப் போயிருந்தாள். ஹார்க்கர் வந்து கேட்டார். இரண்டு என்றேன். ஒன்று என்றால், தங்கையை விட்டுவிட்டு வந்தவள் என்று எங்களைப் பிரித்து வேறு வேறு வீட்டில் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

அந்த ஊரில் ஒரு குழந்தை குறைந்தால் மணி நிற்காது, ஹெஸ்டர். குழந்தை வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள், ஊரே விளக்கோடு மலையேறும். அன்று மணி ஐம்பத்திரண்டு அடித்து நின்றது. தினமும் எவ்வளவு அடிக்கும் என்று பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பெக்கிக்கு எண்ணத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்திரண்டோடு நின்றதும் அவளுக்குப் புரிந்திருக்கும்.

அல்டர்சன் அம்மாள் வந்து கேட்ட பிறகுதான் தேடினார்கள். மூன்றாம் நாள் ஆட்டுப்பட்டியில், சுவரை ஒட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்தபடி கிடைத்தாள். எத்தனை என்று சொன்னாய் என்று என்னைக் கேட்டார்கள். ஒன்று என்றுதான் சொன்னேன் என்றேன். சிலேட்டு மழையில் நனைந்து அழிந்திருந்தது.

ஹார்க்கர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நீ என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். குழந்தையோடு அங்கிருந்து கிளம்பு.

மேவிஸ்


கெல்பெக்,
அக்டோபர் 19

அக்காவுக்கு,

லினெட்டின் கை சரியாகிவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் விட்பிக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிறோம்.

உன் கடிதம் வந்த அன்று மாலை ஹார்க்கர் வாசலில் வந்து நின்றார். நான் லினெட்டைத் தூக்கிக் காட்டி "ஒண்ணு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை.

அவர் தோள் இறங்கிவிட்டது, அக்கா. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்று அல்டர்சன் அம்மாள் சந்தேகப்படுகிறாள்.

பெக்கிக்கு எந்த நிறத்தில் முடி என்றாவது எழுது.

ஹெஸ்டர்


கெல்பெக்,
நவம்பர் 2

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீயும் லினெட்டும் உன் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை வந்தேன். முழங்கால் இந்த ஊர் ஏற்றத்தைத் தாங்கியது. பெக்கிக்குச் செம்பட்டை முடி, காதுக்குப் பின்னால் மட்டும் சுருட்டை.

அல்டர்சன் அம்மாள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "பச்சப்புள்ள பொய் சொல்லுமான்னு ஊரோட சண்ட போட்டேன்டி, ஒனக்காக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

ஹார்க்கர் கோபுரத்தடியில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் யார், அன்று என்ன சொன்னேன் என்று சொன்னேன். துடைத்த சிலேட்டையே மறுபடியும் துடைத்தார்.

"ஈரமா இருந்துச்சு" என்றார். "நானேதான் தப்பா கிறுக்கிட்டேன்னு நெனச்சேன். அப்பறம் அப்பிடியே நம்பிட்டேன்."

தினமும் ஒன்று கூட்டி அடிப்பது அவளுக்காகவா என்று கேட்டேன்.

"நான் எங்க கூட்டி அடிச்சேன்? சிலேட்டுல உள்ளதத்தான் அடிக்கிறேன். கயித்த விட்டுட்டுக் கைய மடியில வச்சப்புறம் அது தானா விழுது. ஏன் தேடி வரலன்னு எங்கிட்டதான் கேக்குதுன்னு இத்தன வருசமா இருந்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிலேட்டை என் கையில் கொடுத்து, "இன்னிக்கு நீ போ" என்றார்.

நாலு தெருவும் போனேன். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் பதில் சொன்ன பிறகு கதவைச் சாத்தாமல் நின்றார்கள். முப்பத்தாறு. கடைசி வாசலில் அல்டர்சன் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானே கேட்டு நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரெண்டுல ஒண்ணுதான் உள்ள, ஒண்ணு இன்னும் வரல என்றேன். அதைச் சிலேட்டில் எழுதினேன்.

கயிற்றைப் பிடித்தேன். முப்பத்தாறு அடித்தேன். நிறுத்தவில்லை.

நாற்பதுக்குள் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஹெஸ்டர். மணி நிற்கவில்லையென்றால் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். கசாப்புக்காரர், முட்டைக்காரன், கம்பளிக்கடைப் பெண்கள். அல்டர்சன் அம்மாள்தான் முன்னால் போனாளாம். கோபுரத்தின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சுவரை நோக்கி விளக்குகள் வரிசையாகப் போயின. ஹார்க்கரும் தன் விளக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "யாருடி காணோம்?" என்று ஒருத்தி கேட்டதும், "பெக்கி" என்று இன்னொருத்தி சொன்னதும் தெருவிலிருந்து எனக்குக் கேட்டது. அந்தப் பெயரை இன்னொருவர் வாயில் கேட்டு இருபத்து நாலு வருஷம் ஆகிறது.

எண்ணுவதை விட்டுவிட்டேன். உள்ளங்கை கிழிந்தது. மூடுபனி ஜன்னல்வரை ஏறி வந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. குழந்தை கிடைத்தால், முதலில் திரும்புகிறவர் கோபுரத்தடிக்கு வந்து குரல் கொடுப்பதுதான் வழக்கம். அப்படியே கீழே படிக்கட்டிலிருந்து ஒரு குரல், தெளிவாக:

"உள்ள வந்தாச்சு. போதும்."

கயிற்றை விட்டேன். மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

இறங்கி வந்தபோது படிக்கட்டில் ஆளில்லை. சதுக்கத்திலும் ஆளில்லை. விளக்குகளெல்லாம் இன்னும் மலைமேல்தான் இருந்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. கால்மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்த அல்டர்சன் அம்மாள், "ஏன்டி நிறுத்துன? யார் ஒன்ன நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாள். அவள் என் பின்னால் திறந்திருந்த கோபுரக் கதவைப் பார்த்தாள். அப்புறம் தன் விளக்கை ஊதி அணைத்தாள்.

நேற்றும் இன்றும் முப்பத்தாறு அடித்து, முப்பத்தாறோடு நின்றது. கசாப்புக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்துவிட்டுச் சாத்தினார். விடுதியில் யாரோ ஹார்க்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்களாம். அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

இன்னும் சில நாள் இங்கேதான் இருப்பேன். அவருக்குத் தோள் வலிக்கிறது, கயிறு இழுக்க ஆள் வேண்டும். மேலும், அந்த மாடி அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது. அதில் போர்வையை விரித்து வைத்திருக்கிறேன். காலையில் அதை நான் மடிப்பதில்லை, தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. தொட்டால் சூடாக இருக்குமா, சில்லென்றிருக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டாம். ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிற வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள். ரால்ஃப் வந்ததும் எழுது.

பெக்கிக்கும் உனக்கும் அக்கா,
மேவிஸ்